ஸ்மார்ட் போர்டுக்குப் பொட்டு வைத்தவன்

கூச்சப்படுகிறவனுக்கு இந்த உலகத்தில் நல்ல வேலை கிடைக்காமல் போகலாம், பஸ்ஸில் இடம் கிடைக்காமல் போகலாம், பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கிடைக்காமல் போகலாம். பதவி மட்டும் எப்படியும் கிடைத்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் "என்னால முடியாது, என்னால முடியாது" என்று கத்திக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன்தானே? அவனுக்குச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நான் தலைவரானது இப்படித்தான்.

என் பெயர் கோமதிநாயகம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டுப் பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊர். தொழில், ரேடியோ செட் வாடகைக்கு விடுவது. மைக், கூம்புக் குழாய், சீரியல் லைட், பந்தல், நாற்காலி எல்லாம் என்னிடம் உண்டு. கல்யாணம், கோவில் கொடைவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் மைக்தான். ஊரில் அத்தனை பேரும் அதில் பேசியிருக்கிறார்கள், நான் மட்டும் பேசியதில்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." என் வாழ்நாள் சொற்பொழிவு மொத்தமும் இவ்வளவுதான். (நாலு என்றுகூடச் சொன்னதில்லை. அதற்குள் யாராவது வந்து மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.)

படிப்பு அஞ்சாம் வகுப்பு. நான் படித்த காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சோடு முடிந்தது. ஆறாம் வகுப்புக்குத் தென்காசி போக வேண்டும். முதல் நாள் பஸ்ஸில் கண்டக்டர், "எங்கலே இறங்கணும்?" என்று கேட்டார். அவ்வளவு பேர் நடுவில் சத்தமாகத் 'தென்காசி' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தென்காசியில் இறங்கவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் சுரண்டை வரைக்கும் போய், அங்கே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுது, யாரோ ஒருவர் திரும்பிக் கூட்டிவந்து வீட்டில் விட்டார். அதோடு என் உயர்கல்வி முடிந்தது.

பிறகு எங்கள் பள்ளிக்கூடம் வளர்ந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்தது. என் மகள் செண்பகம் அதில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதுக்கு என்ன செய்வது என்பதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் நடந்த பேச்சு. பேச்சு என்றால் என் மனைவி முப்பிடாதி பேசுவாள், நான் கேட்பேன்.

"சீசன் நேரத்துல அந்த ரோட்டுல பஸ்ல கால் வைக்க முடியுதா? ஆம்பளையாளுவளே தொங்கிட்டுப் போறாவ. வயசுப் பிள்ளைய எப்படிங்க அனுப்புவேன்? நம்ம ஊர்லயே ஒம்பதாவது வந்தா படிக்கட்டும். இல்லன்னா தையல் பழகட்டும்."

செண்பகத்தின் உயிர்த்தோழி இசக்கி வீட்டிலும் இதே முடிவுதான். ஆக, இரண்டு பிள்ளைகளின் படிப்பும் எங்கள் பள்ளிக்கூடம் உயர்நிலைப் பள்ளி ஆகிறதா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஜூன் மாதக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை ஜெயராணி டீச்சர் ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். மாணவர்களை எதிர்காலத்துக்குத் தயார்படுத்தும் புதிய திட்டமாம். தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு கொடுப்பார்களாம். அதைப் பிள்ளைகள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து பார்ப்பாராம். அவர் மனம் நிறைந்தால் பள்ளியைத் தரம் உயர்த்தப் பரிந்துரை செய்வாராம்.

எட்டு வகுப்புக்கு மூன்று டீச்சர்கள் இருக்கிற பள்ளிக்கூடம் எங்களுடையது. பின்வரிசையில் இருந்து இசக்கியின் அம்மா கேட்டாள்: "டீச்சர், கணக்கு டீச்சர் எப்ப வருவாவ?"

ஜெயராணி டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர் பத்தி இதுல போடலம்மா. போர்டு பத்திதான் போட்டிருக்கு."

அப்போது எழுந்தார் சுடலைமுத்து அண்ணாச்சி. குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறவர். எங்கள் கழகத்தின் பழைய தலைவர். "எதிர்காலம் நம்மளக் கேட்டுட்டு வராதுவே! நாமதான் ரெடியா இருக்கணும். பிள்ளையளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுங்க. சீசன்ல வாரவன்ல பாதிப்பேரு அங்கிட்டுள்ளவன்."

"இங்கிலீசு சொல்லிக்கொடுக்கணும்" என்றார் ஒருவர். "டிரைவிங் சொல்லிக்கொடுத்தா ஆவும்" என்றார் இன்னொருவர். "செல்போன் ரிப்பேர்" என்றார் மூன்றாமவர். ஒவ்வொருவருக்கும் கைவசம் ஒரு எதிர்காலம் இருந்தது. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது: எங்களுக்கு எதிர்காலமெல்லாம் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு கொடுத்தால் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"தலைவரா இந்தத் தடவை நாயகத்தப் போடுவோம்" என்றார் அண்ணாச்சி. "அவன் தலைவரா இருந்தா பந்தலு, நாற்காலி, மைக்கு மூணும் கழகத்துக்குச் சொந்தம் மாதிரி." கைதட்டினார்கள். நான் மறுப்பதற்காக எழுந்தேன். ஏற்புரை சொல்ல எழுந்ததாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள்தான் போர்டு வந்தது. ஒற்றைக் கட்டிலை நிறுத்தி வைத்தது போல அவ்வளவு பெரியது. நாலு சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டில் மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டிக்காரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். "இத எப்படிப் போடுததுன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி" என்று டீச்சர் பின்னாலேயே ஓடியதற்கு, "வீடியோ லிங்க் அனுப்புவாங்க மேடம்" என்று பதில் வந்ததாம். எங்கள் ஊரில் சாரல் விழுந்தால் செல்போன் சிக்னல் குடை பிடித்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். வீடியோ வரவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாயகம் அண்ணே, கரண்டு, வயரு, சவுண்டு... இது உங்க லைன்தான?"

கூச்சத்திலேயே மோசமான கூச்சம் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதற்குப் படுகிற கூச்சம். "ஆமா டீச்சர்" என்றேன்.

நல்லவேளை, பிள்ளைகள் இருந்தார்கள். செண்பகமும் இசக்கியும் அங்கே தொட்டு, இங்கே தொட்டு, சாயங்காலத்துக்குள் அந்தப் போர்டைத் தங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி மாதிரி பழக்கிவிட்டார்கள். 'எதிர்காலத்தில் எங்கள் ஊர்' என்று அவர்கள் வரைந்து வைத்திருந்த படங்களை டீச்சர் தன் போனில் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக வருகிற மாதிரி போர்டில் ஏற்றிக்கொடுத்தார். தெருவிளக்கு எரிகிற ஊர். பெண்பிள்ளைகள் உட்கார்ந்து போகிற பஸ். கணக்கு டீச்சர். (அவருக்கு மட்டும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டிருந்தார்கள்.) கடைசிப் படத்தில் ஒரு மாடிக் கட்டிடம், கதவுக்கு மேலே 'ஒன்பதாம் வகுப்பு', வாசலில் ரெட்டைச் சடையோடு இரண்டு பெண்கள். ஒவ்வொரு படம் வரும்போதும் கைதட்டல் சத்தம் கேட்கிற மாதிரி இசக்கி ஏதோ செய்து வைத்தாள்.

"எப்பா, இந்தக் கடைசிப் படத்தப் பாத்தா அந்த மேடத்துக்கு மனசு எளகிரும்லா?" என்று கேட்டாள் செண்பகம்.

"எளகிரும்" என்றேன். எனக்கு இளகிவிட்டது.

அந்த இளக்கத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டாமல் சுவிட்சைத் தொடமாட்டேன். புது சாமான் வாங்கினால் கேட்கவே வேண்டாம். சக்கரம் உள்ளது என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கின பிறகுதான் ஓட்டம். நான் நாற்காலி கொண்டுபோகிற மூன்று சக்கரத் தள்ளுவண்டிக்கே மூன்று பழம் நசுக்கினவன். அப்படியிருக்க, ஒரு ஊரின் ஒன்பதாம் வகுப்பையே சுமந்துகொண்டு, அதுவும் நாலு சக்கரத்தோடு வந்து நிற்கிற சாமானை மொட்டையாக விட எனக்கு மனசு வரவில்லை. பூஜைச் சாமானோடு மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டேன். அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே தேங்காயோடு வந்து நின்றார்.

ஜெயராணி டீச்சர் கழுத்துச் சங்கிலியில் சிலுவை போட்டிருப்பவர். என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர், "சீக்கிரம் வச்சிக்கிடுங்க அண்ணே. நானும் ஓரமா நின்னு ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கிடுதேன். ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம்" என்றார்.

வராந்தாவின் நடுவில், வாசலைப் பார்த்து போர்டை நிறுத்தியிருந்தோம். அதற்கு நேர் எதிரே, நடக்க முடியாத பிள்ளைகளுக்காகக் கட்டிய சாய்தளம் முற்றத்துக்கு இறங்குகிறது. முற்றத்தில் என் பந்தல், என் நாற்காலிகள். கண்ணாடியின் நாலு மூலையிலும் நல்ல கெட்டிச் சந்தனமாக, எட்டணா அகலத்துக்கு வைத்தேன். மேலே குங்குமம். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து, போர்டை முன்னும் பின்னும் உருட்டினோம். நாலு பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின. "ஆஹா, சகுனம்!" என்றார் அண்ணாச்சி. சக்கரத்தில் இருந்த சின்னப் பூட்டுகளைக் காலால் அமுக்கிவிட்டேன். அமுங்கின. ஆனால் இடையில் எலுமிச்சந்தோல் மாட்டியிருந்ததால் பூட்டவில்லை. (இது பிறகு தெரிந்தது. எனக்குத் தெரிகிறவை எல்லாமே பிறகுதான் தெரியும்.)

செண்பகம் சீருடையில் வந்து நின்றாள். "எப்பா, ஒரு தடவை போட்டுப் பாத்துக்கிடுதேனே?"

"ஏட்டி, பூஜை போட்டாச்சுல்லா? இனி அதிகாரி வந்து கை வைக்கதுக்கு முன்னால ஒருத்தரும் தொடப்படாது" என்றார் அண்ணாச்சி.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன்.

அதிகாரி நல்ல மாதிரி அம்மாள். காட்டன் சேலை, கையில் குடை. பந்து வடிவத்தில் கட்டிய பூச்செண்டை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். சாரல் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. நான் போர்டுக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் கொடுக்க மைக்கோடு நின்றேன். போர்டின் சத்தத்தையும் குழாயில் இணைத்திருந்தேன். வேப்பமரத்தில் இரண்டு குழாய், கேட்டில் இரண்டு. ஊர் முழுக்கக் கேட்கட்டுமே என்றுதான்.

அதிகாரி வராந்தா ஏறி வந்து, ஒரு விரலால் போர்டைத் தொட்டுத் திறந்துவைத்து, விரலில் ஒட்டிய குங்குமத்தை ஒரு கணம் யோசனையோடு பார்த்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். முதல் படம் வந்தது. கைதட்டல் கேட்டது. செண்பகம் கணீரென்று ஆரம்பித்தாள்: "எதிர்காலத்தில் எங்கள் ஊரில்..."

இரண்டாவது படம் வந்தது. உடனே முதல் படம் வந்தது.

அந்தக் கண்ணாடிக்கு விரலுக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம். மேலே எது பட்டாலும் யாரோ அமுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுமாம். நான் வைத்த பொட்டுகளில் கீழ் இடது மூலைப் பொட்டு, படத்தைப் பின்னால் தள்ளுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது. கீழ் வலது மூலைப் பொட்டு, சத்தத்தைக் கூட்டுகிற இடத்தில். இரண்டும் அசராமல் அமுக்கிக்கொண்டே இருந்தன. பிள்ளை "எதிர்காலத்தில்" என்று சொல்லிப் படத்தை முன்னால் நகர்த்துவாள். அது பின்னால் போகும். பின்னால் போகிற ஒவ்வொரு தடவையும் கைதட்டல். தடவைக்குத் தடவை சத்தம் கூடிக்கொண்டே போனது. நாலு குழாயிலும் அலறி, மெயின் ரோடு வரைக்கும் கேட்டதாம். யாரோ மந்திரி வந்திருப்பதாக நினைத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

செண்பகம் விடவில்லை. "எதிர்காலத்தில் எங்கள் ஊரில்..." கைதட்டல். "எதிர்காலத்தில்..." கைதட்டல். இசக்கி பக்கத்தில் நின்று படத்தை முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பெண்பிள்ளைகளின் பஸ் ஒரு நொடி வந்து போனது. கணக்கு டீச்சரின் ஒளிவட்டம் மட்டும் மின்னி மறைந்தது.

"எப்பா, சத்தத்தக் குறைங்க!" என்று செண்பகம் சைகை காட்டினாள். ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகப் போனேன். அது சந்தனத்தில் வழுக்கியது. (ஆம்ப்ளிஃபயருக்கும் வைத்திருந்தேனே.)

இசக்கிதான் முதலில் கண்டுபிடித்தாள். "சந்தனம்! சந்தனத்தத் துடைங்க!"

அண்ணாச்சி தோள் துண்டை உருவிக்கொண்டு பாய்ந்தார். சட்டி தேய்க்கிற வேகத்தில் தேய்த்தார். கெட்டியாக நாலு இடத்தில் இருந்தது, துண்டு போன திசையெல்லாம் பரவியது. இப்போது கண்ணாடிக்கு நாலு விரல் அல்ல, ஒரு ஊரே சேர்ந்து அமுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. படங்கள் முன்னும் பின்னும் குலுங்கின. ஜெயராணி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பாதியில் விட்ட ஜெபத்தைத் தொடர்ந்திருப்பார். அண்ணாச்சி பின்பக்கம் போய், போர்டின்மேல் உடம்பைச் சாய்த்து, மேல் மூலையைக் கை சுற்றிப்போட்டு, முழு பலத்தோடு ஒரு இழுப்புத் துடைத்தார்.

அந்தக் குலுக்கலில் கீழ் மூலைகளில் ஒட்டியிருந்த சந்தனமும் உதிர்ந்தது. சத்தம் நின்றது. படம் ஒழுங்காக ஓடி, கடைசிப் படத்தில் வந்து நின்றது. மாடிக் கட்டிடம். ஒன்பதாம் வகுப்பு. ரெட்டைச் சடையோடு இரண்டு பெண்கள்.

"ஆ..." என்றது கூட்டம். அதிகாரி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

போர்டு நகர்ந்தது.

மெதுவாகத்தான் நகர்ந்தது, தேர் வடம் பிடித்தது போல. எலுமிச்சம்பழச் சாறும் சாரலும் சேர்ந்த வழுவழுப்பில் சத்தமே இல்லாமல் சாய்தளத்தின் விளிம்புக்கு வந்தது. கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. படம் பெரிதாகிக்கொண்டே வருகிறது, இதுவும் ஒரு வித்தை என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும்தான் சக்கரங்கள் தெரிந்தன.

என் கையில் மைக் இருந்தது. "பிடிங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்வரிசையில் ஆண்களாகவே நாலு பேர் இருந்தார்கள். மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன். முற்றம் நிறைய முகங்கள். என் வாயிலிருந்து, நாலு குழாயிலும், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, இந்த வார்த்தைகள் வந்தன:

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்..."

எல்லோரும் போர்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"...டூ..."

போர்டு சாய்தளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரிடமாவது வயர் வாங்கியிருந்தால் பாதி வழியில் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டு அணைந்திருக்கும். என் வயர் கோவில் கொடைக்குத் தெருக்கோடி வரை போகிற வயர். அதனால் கடைசி வரைக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டு, அந்த இரண்டு பெண்களும் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்றபடியே, முன்வரிசையை நோக்கி இறங்கி வந்தார்கள்.

"...த்ரீ."

அதிகாரி கால்களைத் தூக்கிக்கொண்டார். போர்டு சாய்தளத்தின் அடியில் இருந்த சேற்றில் முன்சக்கரம் புதைந்து, ஒரு கும்பிடு போடுவது போல முன்னால் சாய்ந்து, அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, குப்புற விழுந்தது.

அதிகாரி கால்களை மெல்ல இறக்கி எழுந்தார்.

"யாருக்கும் அடி படலையே?" என்றுதான் அந்த அம்மாள் முதலில் கேட்டார். சேலை முழுக்கச் சேறு. யாருக்கும் அடி இல்லை என்று தெரிந்த பிறகு அண்ணாச்சி கையில் இருந்த துண்டைப் பார்த்தார். "போர்டு மேல எதுக்குச் சந்தனம்?"

"அது... ஒரு மரியாதைக்கு மேடம்" என்றார் டீச்சர்.

சக்கரத்தில் ஒட்டியிருந்த தோலைக் காட்டி, "எலுமிச்சம்பழம்?" என்றார்.

"அது பாதுகாப்புக்கு மேடம்" என்றார் அண்ணாச்சி.

அதற்குள் நான் போர்டிடம் ஓடியிருந்தேன். சாரல் வலுத்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அண்ணாச்சி, "நாயகம், மேடம் கிளம்புதாவ, பொன்னாடையப் போடும்வே!" என்று பதறினார். யாரோ பொன்னாடையை என் கையில் திணித்தார்கள். போர்டுக்குள் தண்ணீர் போகிறதே என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. பொன்னாடையை விரித்து அதன்மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து வந்து பார்த்த மெயின் ரோட்டு ஆட்கள் சிலர் செருப்பைக் கழற்றினார்களாம்.

போர்டு அதற்கப்புறம் எரியவில்லை. தரம் உயர்வும் வரவில்லை. 'கொடுத்த சாதனத்தைப் பராமரிக்கிற பொறுப்பு இல்லாத பள்ளி' என்று மேலே சொல்லிவிட்டார்களாம். ஜெயராணி டீச்சர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை, பந்தல் வேண்டுமே.

செண்பகம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைப்பாள், போய்விடுவாள். முப்பிடாதி தையல் மிஷினுக்கு விசாரிக்க ஆரம்பித்தாள். இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் அடுப்பில் வைத்த பால் பொங்கியது. நான் அடுப்புக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். பொங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாய் திறக்கவில்லை. பால் அடுப்பில் வழிந்து புகைந்தது. முப்பிடாதி ஓடிவந்து, "கண்ணு முன்னால பொங்குது, ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா மனுசன்?" என்று கத்தினாள்.

அறைக்குள்ளிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "குடுப்பாவ, குடுப்பாவ. ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ."

முப்பிடாதி கரித்துணியைக் கையில் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். செண்பகமும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், யாரும் என்னை முழுசாகப் பார்க்காத தைரியத்தில், நான் சொல்லிவிட்டேன்: "பஸ் வேண்டாம். தென்காசிக்கு நானே பைக்ல கொண்டு விடுதேன். நானே கூட்டிட்டு வாரேன்."

இப்போது செண்பகம் என் பைக்கில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது பொங்கினாலும், கரண்டு போனாலும் முதலில் கேட்கிற குரல் மைக் டெஸ்டிங்தான். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் குழந்தை விழுந்தால்கூடத் தாய்மாமன்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் தூக்குகிறார்கள்.

சேர்க்கைக்காகத் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, அங்கே தலைமை ஆசிரியர் அறையில் எங்களுடையது போலவே ஒரு போர்டு நின்றது. நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு, காய்ந்து வெடித்திருந்தது. மேலே ஒட்டிவந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவே இல்லை. அங்கே இருப்பவர்கள் விவரமானவர்கள்: பொட்டு வைத்தார்கள், கரண்டு கொடுக்கவில்லை.

பைக்கில் போகும்போது சில சமயம் ஒரு கணக்குப் போடுவேன். என் காலத்தில் எங்கள் ஊரில் அஞ்சாம் வகுப்பு. என் மகள் காலத்தில் எட்டாம் வகுப்பு. தலைமுறைக்கு மூன்று. இப்படியே போனால் என் பேரப்பிள்ளைக்கு உள்ளூரிலேயே பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு எழுத அதற்கப்புறம் ஒரு ஆள் பிறக்க வேண்டும்.

இசக்கியை ஒன்பதாவதுக்கு அனுப்பவில்லை. அவள் அப்பா கேரளாவில் வேலை பார்க்கிறார், கொண்டு விட ஆள் இல்லை. என் பைக்கில் இன்னொரு பிள்ளைக்கு இடம் உண்டு என்று அவள் அம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை அந்தத் தெருவுக்குப் போனேன். வாசலில் நின்றேன். ஊருக்குள் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

போன சீசனில், சீரியல் லைட் கட்டுவதற்குக் குற்றாலத்தில் அண்ணாச்சியின் சிப்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடையில் மலையாளத்துக் கூட்டம். உள்ளே இசக்கி சிப்ஸை அள்ளி அள்ளிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏணியில் ஏறும்போது கை பட்டு, மேலே தொங்கிய நேந்திரங்குலை அறுந்து தொப்பென்று விழுந்தது.

"மாமா! ஹலோ, மைக் டெஸ்டிங்!" என்று கத்திவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடையே சிரித்தது. அண்ணாச்சிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். வாங்க வந்தவர்களுக்கு அவள் மலையாளத்தில் அந்தக் கதையைச் சொன்னாள். நன்றாகவே பேசுகிறாள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும், கவரை மடித்துக்கொண்டே, "செண்பகம் பத்தாவது போயிட்டாளா மாமா?" என்று கேட்டாள்.

ஏணியின் மேலே நின்றபடி வாயைத் திறந்தேன். ஒன், டூ, த்ரீ கூட வரவில்லை.